முழங்கால் அளவு தண்ணீர்

இதழின் அட்டையிலேயே செத்த மீன்.

உயிருள்ள ட்ரவுட் மீனைப் பக்கவாட்டில் சாய்த்தால் அதன் கண் வயிற்றுப் பக்கமாகத் திரும்பும். இந்த மீன் கேமராவை நேராக முறைத்துக்கொண்டிருந்தது.

"பொணத்தைக் கையில வெச்சுக்கிட்டு என்னடா இளிப்பு?" என்றார் நண்பர் மெர்ல், அட்டையில் மீனைத் தூக்கிக்காட்டிய இளைஞனிடம்.

டாயிலின் தூண்டில் கடைக்குப் புது இதழ் வந்துவிட்டால் ஒரு வாரத்துக்கு எங்களுக்கு வேறு வேலை கிடையாது. கொக்கியில் இறகால் பூச்சி கட்டி மீன் பிடிக்கிற எங்களைப் போன்றவர்களுக்காகவே நடந்த பத்திரிகை அது. அதைப் படித்துத்தான் நான் ஆற்றில் இறங்கவே கற்றுக்கொண்டேன்.

பிறகு ஏதோ ஒரு கம்பெனி அதை வாங்கி, இருந்த ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பியது.

இப்போது பாதிப் பக்கங்கள் விளம்பரம். மீதிப் பக்கங்கள், விளம்பரம் என்று சொல்லிக்கொள்ளாத விளம்பரம். ஆற்றில் கால் நனையாதவர்களெல்லாம் கட்டுரை எழுதுகிறார்கள். வாசகர் கடிதப் பகுதியையே தூக்கிவிட்டார்கள். மெர்ல் ஒருமுறை கொதித்துப்போய் எழுதினார். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று இயந்திரம் பதில் போட்டது. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் நாங்கள் யாரும் சந்தாவை நிறுத்தவில்லை. திட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே.

மற்றவர்கள் ஒரு பத்திரிகையைக் கிழித்துத் தோரணம் கட்டுவது பேச்சோடு சரி. நாங்கள் நிஜமாகவே கிழிப்போம். மாதத்தின் படுமோசமான பக்கத்தை, காபி மெஷினுக்கு மேலே சுவரில் குத்தி, அடியில் சிவப்புப் பேனாவால் கிண்டலாக ஏதாவது எழுதிவைப்போம்.

இந்த மாதம் போட்டியே இல்லை. எங்கள் ஆற்றின் வரைபடத்தைப் பழைய இதழ் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். ஆற்று நடுவே உள்ள தீவின் வால் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர்தான், அங்கே நடந்தே அக்கரைக்குப் போய்விடலாம் என்று அம்புக்குறி வேறு. அங்கிருந்த சரளைத் திட்டை போன வருட வெள்ளம் வாரிக்கொண்டு போய்விட்டது. இப்போது அது ஆளை விழுங்குகிற பள்ளம். பனி உருகி வருகிற ஜூன் மாதத்தில் நாங்களே அந்தப் பக்கம் போக மாட்டோம்.

ஓரின் அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்தவர். திங்கட்கிழமை அவர்தான் பேனாவை எடுத்தார். "அருமையான இடம். கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம்" என்று எழுதி, கீழே தன் பெயரையும் போட்டார். மெர்ல் தன் பங்குக்கு ஐந்து நட்சத்திரம் வரைந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

பத்திரிகைக்கு ஒருவரும் எழுதவில்லை. சுவரில் எழுதியதோடு எங்கள் கோபம் தீர்ந்துவிட்டது.

இன்று வெள்ளி. உள்பக்கங்களை முடித்துவிட்டு அட்டைக்கு வந்திருந்தோம். அப்போதுதான் ஒரு அம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அறுபது வயதிருக்கும். வீட்டுச் செருப்போடு வந்திருந்தார்.

"என் வீட்டுக்காரர் இன்னிக்கு இங்க வந்தாருங்களா? வெண்டல்னு பேரு. நாங்க வெளியூரு, ஒஹையோக்காரங்க. விடிஞ்சதும் ஆத்துக்குப் போனாரு. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடறேன்னாரு."

மத்தியானம் கழிந்து வெகு நேரமாகியிருந்தது.

"எங்க இறங்கறதா சொன்னாரும்மா?" என்று டாயில் கேட்டார்.

"ஏதோ தீவாம். அதோட வால்கிட்ட நடந்தே தாண்டிடலாமாம்."

டாயில் உடனே ஃபோனை எடுத்து ஷெரீஃப் அலுவலகத்தைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் படகு வேண்டும் என்றார்.

மெர்ல் இதழைச் சுருட்டி மேசையில் ஓங்கி அடித்தார். "கொலைகாரப் பசங்க! இவனுங்க ஒருநாள் யாரையாவது சாகடிப்பானுங்கன்னு நான் சொன்னேனா இல்லையா?"

எனக்கும் ரத்தம் கொதித்தது. வழக்குப் போட வேண்டும், அந்தக் கம்பெனியைச் சந்திக்கு இழுக்க வேண்டும் என்று ஏதேதோ கத்தினேன்.

அந்த அம்மா எங்களைப் புரியாமல் பார்த்தார்.

"அந்தப் பத்திரிகையா? அதை அவர் நிறுத்தி ரொம்ப நாளாச்சுங்க. எல்லாம் தப்புத்தப்பா போடறான், உள்ளூர்க்காரன் சொன்னாத்தான் நம்பணும்பாரு."

பிறகு சுவரைக் காட்டினார். "நேத்து மீன் புடிக்க லைசென்ஸ் வாங்க வந்தப்ப இதைத்தான் ஃபோன்ல படம் புடிச்சுக்கிட்டு வந்து எங்கிட்ட காட்டினாரு. அச்சடிச்சதை விடு, கீழ கையால எழுதியிருக்காங்க பாரு, அது போதும்னாரு."

டாயில் ஃபோனைக் காதிலிருந்து இறக்கினார். நேற்று அந்த மனிதர் படம் எடுத்ததை அவர் பார்த்திருக்கிறார். எங்கள் கிண்டலை ரசிக்கிறார் என்று நினைத்து, கூடச் சேர்ந்து சிரித்தும் இருக்கிறார்.

மெர்ல் தரையைப் பார்த்தார். நான் என் கோப்பைக்குள் பார்த்தேன்.

அந்த அம்மா சிவப்பு எழுத்தின் அடியில் விரல் வைத்து, அங்கிருந்த பெயரைப் படித்தார். "ஓரின்ங்கறவர் யாருங்க? அவருக்குத்தானே அந்த இடம் நல்லாத் தெரியும். என்னை அங்க கூட்டிட்டுப் போவாரா?"

ஓரின் எழுந்து நின்றார். "நான்தாம்மா" என்றார்.

அந்த அம்மா விரைந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, நீங்க இருக்கீங்க" என்றார்.