மக்டலினின் மொழிபெயர்ப்பு

இருதயக் குழாய்க்குள் வைக்கப்போன ஸ்டென்ட் வலை அதன் பலூனிலிருந்து கழன்றுவிட்டது என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார்.

கடையில் பாண் முடிந்துவிட்டது என்பதைப் போலச் சொன்னார். அந்தக் குரலுக்குத்தான் தாதி மக்டலின் பயந்தாள். கையுறை அளவு பிழைத்தாலே கத்துகிற மனுசன் அவர்.

மேசையில் கிடந்தவர் முபாரிஸ், கற்பிட்டிக் கருவாட்டு முதலாளி. மயக்கமில்லை; மணிக்கட்டில் மட்டும் விறைப்பூசி. சிங்களம் தெரியாது என்று வந்தபோதே சொல்லியிருந்ததால், மக்டலினைத் தலைமாட்டில் நிறுத்தியிருந்தார்கள்.

என்னவாம் என்று கேட்டார் முபாரிஸ்.

மெஷின் கொஞ்சம் சூடாகிவிட்டது நானா, ஆற விட்டிருக்கிறோம் என்று அண்ணன் முறை சொல்லிச் சமாளித்தாள்.

நம்ம லொறியும் அப்படித்தான், ஆறாமல் மதுரங்குளி தாண்டாது என்றார்.

திரையில், இருதயக் குழாயின் வாசலிலேயே அந்தத் துளிக் கம்பிவலை தொங்கியது. மயிரளவு கம்பி ஒன்றுதான் அதைக் கோர்த்துப் பிடித்திருந்தது.

கம்பி நழுவினால் ஆள் இல்லை என்றார் டாக்டர், அதே குரலில். நெஞ்சைத் திறப்பதென்றால் கொழும்புக்குத்தான், அதுவரை தாங்காது. இருமக்கூட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

படம் வடிவாக விழ வேண்டுமாம், அசையாமல் இருக்கட்டாம் என்றாள் மக்டலின்.

கல்யாணப் படத்துக்கே இந்தப் பாடு படவில்லை என்றார் முபாரிஸ். பிறகு உதடு மட்டும் அசைந்தது. சாவு வேளையில் ஓதும் கலிமா. பயந்த சுபாவம் போலும் என்று நினைத்தாள்.

இன்னொரு பலூன், அரிசி அளவு. அதே கம்பியில் ஏறி, கழன்ற வலைக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் போய் ஊத வேண்டும். ஊதிய பலூன் வலையையும் இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

முதல் முறை வழுக்கியது.

டாக்டர் பலூனைச் சுருக்கி மறுபடி தள்ளினார். எல்லாம் சரி நானா, முடியப்போகுது என்று மக்டலின் தானாகவே சொன்னாள்.

இரண்டாம் முறை வந்தது. மெல்ல, மணிக்கட்டு வழியாக. தட்டில் விழுந்தபோது சத்தமே இல்லை.

இனிப் புதிதாக ஒன்றை வைக்க வேண்டும், இதுவும் கழன்றால் என் கையில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

மக்டலின் வாயைத் திறந்தாள்.

அதற்குள் முபாரிஸ் பேசினார், டாக்டரிடம். அவசரமில்லை சேர், ஆறுதலாக வையுங்கள் என்று. தம்புள்ளைச் சந்தையில் பிறந்து வளர்ந்தவனுடையதைப் போன்ற சிங்களம்.

டாக்டரின் கை நின்றது.

முபாரிஸ் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மக்டலின் பக்கம் கொண்டுவந்தார்.

"பாஷை தெரியாதெண்டு இருந்தாத்தான் சந்தையில உண்மை விலை காதில விழும், தங்கச்சி. அப்படியே பழகிட்டேன். இப்ப எனக்கு அந்த உண்மை வேணாம். நீங்க முந்திச் சொன்ன மாதிரியே சொல்லுங்க."