நாலு விரல் நீளம்

அந்த வியாழக்கிழமையும் ஹார்லன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனதை டுவைட் பார்த்துவிட்டார்.

உள்ளே இருபது பன்றி இதயங்கள். டுவைட்டே வெட்டி எடுத்தவை. அமெரிக்காவில், ஐயோவா மாநிலத்தின் அந்த இறைச்சித் தொழிற்சாலையில் முப்பது வருடமாக அவருக்கு அதுதான் வேலை.

பதினோரு வருடத்துக்கு முன்னால், ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விருந்துக்கென்று ரெண்டு துண்டு விலாக் கறியைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறக்கச் சொல்லி, மூன்று நாள் வேலைக்கு வராதே என்று நிறுத்தியவன் இதே ஹார்லன். மேஸ்திரியாம்.

அந்த மேஸ்திரி இன்றைக்குப் பெட்டி பெட்டியாகக் கடத்துகிறான்.

போதாததற்கு வியாழன்தோறும் ஒரு நச்சரிப்பு. வழக்கமாக மேலே நீட்டியிருக்கும் ரத்தக் குழாய்களை ஒட்ட நறுக்கி, இதயத்தில் ஒரு கீறு கீறித் தொட்டியில் எறிய வேண்டும். கடைசி இருபதுக்கு மட்டும் பக்கத்தில் வந்து நின்றுகொள்வான்.

"குழாயை நாலு விரல் நீளம் விட்டு வெட்டுய்யா. கீறாதே, முழுசா வேணும்."

"எதுக்கு?"

"சொன்னதைச் செய். உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி."

வெளியே விற்கிறான், வேறென்ன? மாலையில் வீட்டுக்குப் போனதும் டுவைட் மேலாளருக்குப் புகார் எழுத உட்கார்ந்தார். படிப்பைப் பாதியில் விட்ட கை. நாலு தாளைக் கிழித்து, ஐந்தாவதில்தான் ஒழுங்காக வந்தது. மடித்து, மறுநாள் போடும் சட்டையின் பையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் முதலில் மகளுடைய பள்ளிக்கூடம், அப்புறம் மேலாளர் அறை. திங்கட்கிழமை ஹார்லன் அங்கே இருக்கக் கூடாது.

மகள் கெல்சி உயர்நிலைப் பள்ளியில் தொழில் படிப்புப் பிரிவில் பயோமெடிக்கல் சயின்ஸ் எடுத்திருந்தாள். கற்றதைப் பெற்றோருக்குச் செய்து காட்டும் நாள் அன்று. வெள்ளைக் கோட்டும் கையுறையுமாக நின்றாள். முன்னால் தட்டில் ஒரு பன்றி இதயம்.

"இதைக் காட்டவா கூப்பிட்டே? நான் தினம் ஆயிரம் பாக்குறேன்."

"உள்ளே பாத்திருக்கீங்களாப்பா?"

இல்லை.

மேலே நீட்டிக்கொண்டிருந்த தடித்த குழாயில் கெல்சி தண்ணீர் ஊற்றினாள். இறங்கும் என்று எதிர்பார்த்தார். இறங்கவில்லை. குனிந்து பார்த்தார். குழாயின் அடியில் வெங்காயத் தோலைவிட மெல்லிய மூன்று இதழ்கள், ஒன்றோடொன்று கைகோத்த மாதிரி மூடி, ஒரு சொட்டு விடாமல் தாங்கிக்கொண்டிருந்தன.

பிறகு கீழறையைத் திறந்து காட்டினாள். வெள்ளை வெள்ளையாக நூல்கள்.

"இந்த நூல்தான்ப்பா இங்கே இருக்கிற வால்வுக் கதவைப் பின்பக்கம் திரும்பாம இழுத்துப் பிடிக்குது. நம்ம ஹார்ட்லயும் இப்படித்தான். ஒரு நாளைக்கு லட்சம் தடவை."

டுவைட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முப்பது வருடம். இப்படி ஒன்று உள்ளே இருப்பது தெரியாமலே எறிந்திருக்கிறார்.

"குழாய் நீளமா இல்லேன்னா இதைச் செய்யவே முடியாது," என்றாள் கெல்சி.

அப்போதுதான் அந்தக் குழாயைக் கவனித்தார். நாலு விரல் நீளம். நுனியில் இடப்பக்கம் சாய்ந்த வெட்டு. அந்தத் தொழிற்சாலையில் இடது கைக்காரர் அவர் ஒருவர்தான்.

"இது எங்கேர்ந்து வருது?"

பக்கத்தில் நின்ற ஆசிரியை லிண்ட் சொன்னார். போன வருடம்வரை பிள்ளைகளுக்கு பிளாஸ்டிக் இதயம்தான். செப்டம்பரில் ஒரு மேஸ்திரி வந்தாராம். தன்னிடம் வேலை பார்க்கும் ஒருவர், மகள் பொம்மையை வைத்து வைத்தியம் படிக்கிறாள் என்று சாப்பாட்டு அறையில் புலம்பினாராம். மேலாளரிடம் அனுமதி வாங்கி, வாரா வாரம் தன் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்குகிறாராம்.

புலம்பியது டுவைட்தான். ஹார்லன் அன்றைக்கு அடுத்த மேசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"நன்றிப் பலகையில அவர் பேரைப் போடலாம்னு நேத்து கேட்டேன்," என்றார் லிண்ட். "'நான் வண்டி ஓட்டுறவன். வெட்டுற கை கெல்சியோட அப்பாவோடது, அவர் பேரைப் போடுங்க'ன்னுட்டார்."

சுவரில் ஒரு பலகை புதிதாகத் தொங்கியது. டுவைட் ப்ரன்னர். பள்ளிக்கூடச் சுவரில் அவர் பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை.

"அப்பா, உட்காருங்க. வந்தவங்க எல்லாருக்கும் ஹார்ட் கேட்டு எழுதணும்."

கெல்சி ஸ்டெதாஸ்கோப்பை அவருடைய இடது நெஞ்சில் வைத்தாள். புருவத்தைச் சுருக்கினாள். நகர்த்தி மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

"பையில என்ன பேப்பர்ப்பா? அதை எடுத்துடுங்க. அது இருக்கிறவரைக்கும் உங்க ஹார்ட் கேக்காது."