பாய்த் துணி

"அசையாதேங்கோ. ஊசி குத்திப்போடும்."

குலசிங்கம் அசையாமல் நின்றான். அவன் போட்டிருந்த கோட்டைக் கழற்றவிடாமலே மனைவி இராசமலர் அதில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். காலை ஏழு மணி. கேத்தில் கொதித்து அடங்கியிருந்தது. மேசையில் இரண்டு கோப்பை தேநீர், நான்கு துண்டு பாண், மாஜரீன். வெளியே மவுண்ட் ரோஸ்கில் புறநகர் நனைந்து கிடந்தது. எல்லாக் காலைகளையும் போல ஒரு காலை.

"நூல் நல்ல மொத்தமாக் கிடக்கு," என்றான்.

"பெர்சி தந்தது. மெழுகு பூசின நூல். எவ்வளவு இழுத்தாலும் அறாது."

"பாய் தைச்சு மிஞ்சினதோ?"

"ஓம். மிஞ்சினது."

மேலே இரைச்சல் கேட்டது. மாங்கரே விமான நிலையத்தில் இறங்கும் காலை விமானம். ஊசி கோட்டிலேயே தொங்க, இராசமலர் சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்விட்டாள். அங்கே அவளுக்கென்று ஒரு தலையணை கிடந்தது. அவன் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் அவளுக்கு வெட்கம். சத்தம் தேயும்வரை பாணைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பருத்தித்துறையிலிருந்து அவள் வந்து எட்டு மாதம். வந்த கிழமையே சொல்லியிருந்தாள்.

"முதல் ஒண்டு வந்து சும்மா சுத்திப் பாத்திட்டுப் போகும். அரை மணித்தியாலத்திலை மற்றது குண்டோடை வரும். எனக்கு அந்தப் பாக்கிற பிளேனுக்குத்தான் கூடப் பயம்."

அவளுடைய அண்ணன் அந்த அரை மணித்தியாலத்துக்குள் வீடு வந்து சேரவில்லை.

அதனால்தான் குலசிங்கம் அவளிடம் பொய் சொன்னான்.

பக்கத்து வீட்டுக் கிழவர் பெர்சி தன் கராஜில் கட்டிக்கொண்டிருந்தது ஒரு வேவு விமானம். முப்பதுகளில் இத்தாலியர் செய்த, இரட்டைச் சிறகும் இரண்டு இருக்கையும் உள்ள விமானத்தின் நகல். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பாலைவனப் பதுங்குகுழியில் கிடந்த பெர்சியின் தலைக்கு மேலே அது தினமும் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போகுமாம். இன்னும் கனவில் வருகிறதாம். ஒரு தடவையாவது மேலேயிருந்து தான் கீழே பார்க்கவேண்டும் என்றார். வரைபட வேலை தெரிந்த குலசிங்கம் உதவிக்குப் போனான். சிறகுகளுக்கு லினன் துணி தைக்க ஆள் தேவைப்பட்டது. இராசமலரிடம் கராஜ் சேலில் வாங்கிய ஒரு பழைய தையல் மெஷின் இருந்தது. அதன் இழுப்பறையான லாச்சி நிறைய யாரோ விட்டுப்போன, தொட்டாலே அறுந்துவிடும் உக்கிய நூல்கட்டைகள். அவற்றை எறியச் சொல்லி அவன் பலமுறை சொல்லியிருந்தான்.

"பெர்சி வள்ளம் கட்டுறார். பாய் தைச்சுக் குடுப்பீரோ?"

அவள் துணியைத் தடவிப் பார்த்தாள். உறை மாதிரி வெட்டியிருந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாயோ?"

"ஓம், பாய்."

"சரி," என்றாள்.

மூன்று மாதம் தைத்தாள். மெஷின் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். பெர்சி அந்த உறைகளை மரச் சட்டங்களில் மாட்டி, துணியை விறைப்பாக்கும் மருந்து பூசி இறுக்கி, மேலே வெள்ளி நிறம் அடித்தார். ஒரு தையல்கூட வெளியே தெரியவில்லை. தைத்தது எதற்கென்று தெரிந்தால் இவள் இனி மேசைக்குக் கீழிருந்து எழும்பவே மாட்டாள் என்ற பயம்தான் அந்த மூன்று மாதமும் அவனுக்கு.

இரைச்சல் அடங்கியது. இராசமலர் வெளியே வந்து ஊசியைத் தேடி எடுத்தாள்.

"இண்டைக்குத்தானே வள்ளம் இறக்கிறது?"

"ஓம். ஒன்பது மணிக்கு."

"பெர்சிக்கு நீந்தத் தெரியுமோ?"

"அவர் உம்மட ஊர் ஆக்கள் மாதிரியில்லை. குளியல் தொட்டியிலையே விளிம்பைப் பிடிச்சுக்கொண்டுதான் இருப்பார்."

அவள் சிரித்தாள். இரண்டு தையல் போட்டாள்.

"நீங்கள் கரையிலை நிண்டு பாக்கிறதுதானே?"

"இல்லை. இரண்டு பேர் ஏறலாம். பின்னாலை நான்."

ஊசி நின்றது.

"நீங்களோ? சொல்லேல்லையே."

"போன கிழமைதான் கேட்டவர். ஓம் எண்டிட்டன்."

"வேறை ஆள் இல்லையோ?"

"இந்தச் சின்ன விசயத்துக்கு ஏன் முகம் வெளிறுது, மலர்?"

அவள் தைத்து முடித்த பொத்தானைக் கத்தரியால் வெட்டி எடுத்தாள். சரிந்துவிட்டது என்று சொல்லி முதலிலிருந்து தைக்கத் தொடங்கினாள். அவன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். விமானம் என்று தெரிந்துவிட்டதோ? யார் சொல்லியிருப்பார்கள்?

வெளியே பெர்சியின் கார் ஹோர்ன் அடித்தது.

"காணும், விடும். நேரம் போச்சு."

"இன்னும் ஒரு முடிச்சு."

"மலர்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவன் படியிறங்கி நடந்து காரில் ஏறினான். பெர்சி புதுத் தோல் தொப்பியைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

அப்போது அடுத்த விமானத்தின் இரைச்சல் எழுந்தது. மேகம் இறங்கியிருந்ததால் இது இன்னும் தாழ்வாக வந்தது. குலசிங்கம் வழக்கம்போல வீட்டுப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இந்நேரம் அவள் மேசைக்குக் கீழே இருப்பாள்.

கார்க் கதவு வெடுக்கென்று திறந்தது. இராசமலர் வெறுங்காலோடு ஈரப் புல்லில் நின்றாள். விமானம் அவள் தலைக்கு நேர் மேலே போனது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் அவனுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்குங்கோ, அவரையும் இறங்கச் சொல்லுங்கோ. என்ரை அப்பு பாய் தைச்சவர், பாய்க்கு இரண்டு பக்கமும் துணி வராது, இது பிளேன் சிறகு எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். தரையிலை ஓடேக்கையே கிழியட்டும், மேலை எழும்பாமப் போகட்டும் எண்டு அவ்வளவையும் நான் அந்த லாச்சியிலை கிடந்த உக்கின நூலாலைதான் தைச்சனான்."