பட்டியலில் வராத கிராமம்

தளபதி அனுப்பிய படத்தில் திரை கோணலாகத் தெரிந்தது. ஓரத்தில் அவருடைய கட்டைவிரல்.

கம்ப்யூட்டர் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புகிற ஜென்மத்திடம் என்னத்தைப் பேசுவது என்று வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டான். எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், மடிக்கணினியும் ஆறிப்போன தேநீருமாக உட்கார அவனுக்குக் கிடைப்பதே நாற்பது நிமிட இடைவேளை.

இணையத்தில் கிராமம் கட்டி, படை சேர்த்து, அடுத்தவன் கிராமத்தைக் கொள்ளையடிக்கிற விளையாட்டு. அந்தக் கொள்ளையை ஒரே கிளிக்கில் முடிக்கும் ஸ்கிரிப்டை, அந்தக் குட்டி நிரலை, எழுதியவன் அவன். பிரவுசரில் ஒட்டிவிட்டால் போதும், சுற்றுவட்டாரத்தில் இளைத்த கிராமங்களையெல்லாம் அதுவே பட்டியல் போட்டுப் படையனுப்பும். கூட்டணியில் இருநூறு பேர் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். நாலு வருடத்தில் ஒருவர்கூட அதில் பிழை கண்டுபிடித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் பெயர் 'ஏய் எக்ஸ்ரே'. வாத்தியார் என்ற மரியாதையெல்லாம் அந்தக் கூட்டணியில் மட்டும்தான்.

இப்போது அதே கூட்டணியில் தளபதி என்று பெயர் வைத்துக்கொண்ட இவர், ஒரு கிராமம் மட்டும் பட்டியலில் வரவே மாட்டேன் என்கிறது, ஸ்கிரிப்டில் பிழை, குழுவில் எழுதப்போகிறேன் என்று கிளம்பியிருக்கிறார்.

பிழையாம். போன மாதம் கடைசி அடைப்புக்குறியை விட்டுவிட்டு ஒட்டி, ஓடவில்லை என்று ஒப்பாரி வைத்தவர். அதற்கு முந்தின மாதம் மொத்த ஸ்கிரிப்டையும் முகவரிப் பெட்டியில் ஒட்டியவர்.

அழித்துவிட்டு மறுபடி ஒட்டச் சொன்னான். ஒட்டினார். வரவில்லை.

பிரவுசரைச் சுத்தமாகத் துடைக்கச் சொன்னான். துடைத்தார், சொந்தப் பாஸ்வேர்டும் சேர்ந்து போனது. அதைத் தேடி எடுக்கப் பத்து நிமிடம்.

மூன்றாவது தடவையும் அறுபத்திரண்டு கிராமங்கள் வந்தன. அது வரவில்லை.

வரைபடத்தில் எந்த எண்ணில் இருக்கிற கிராமம் என்று அவன் இதுவரை கேட்கவே இல்லை. அந்த மண்டைக்கு எண்ணை ஒழுங்காகப் படிக்கவா தெரியும் என்ற இளக்காரம். வேறு வழியில்லாமல் இப்போது போனில் கேட்டான்.

"நானூத்திப் பன்னெண்டு, முன்னூத்தி எட்டு. சரியான மண்ணாங்கட்டி வாத்தியாரே அவன். வருஷக்கணக்கா தானியக் கிடங்கையே கட்டிக்கிட்டு இருக்கான், ஒரு சிப்பாய்கூட இல்ல. ரெண்டு தடவை அடிச்சா விளையாட்டையே விட்டுட்டு ஓடிருவான். ஆனா கையால படை அனுப்ப எவனுக்குப் பொறுமை?"

வாத்தியார் ஸ்கிரிப்டைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை. இருநூற்றுப் பதினொன்றாவது வரியில், அந்த ஒரு கிராமத்தை மட்டும் தாண்டிப் போகும்படி எழுதியவனே அவன்தான். இருநூறு பேருடைய சோம்பேறித்தனத்தை நம்பி எழுதிய வரி. இன்றுவரை ஒருவனும் அதைப் படித்துப் பார்த்ததில்லை.

தளபதிக்கு முன்பாக அவனே குழுவில் எழுதினான்: "ஒரு கிராமம் வராது. என் பிழைதான். எனக்குத் திருத்தத் தெரியவில்லை."

சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. வாத்தியாருக்கே தெரியாதாம் என்று தளபதி முதல் ஆளாக எழுதினார். அவமானத்தில் அவனுக்குக் காது சுட்டது.

வரைபடத்தில் அந்தக் கிராமத்தைத் திறந்தான். வீட்டோடு பேச்சு நின்றுபோவதற்கு முன்னால் அவனே பக்கத்தில் உட்கார்ந்து ஆடக் கற்றுக்கொடுத்த கணக்கு அது. அந்த வீட்டிலிருந்து அவனுக்கு வருகிற சேதி இப்போது, ஏதாவது கட்டினால் கூடுகிற அந்தக் கிராமத்தின் புள்ளிகள் மட்டும்தான்.

நேற்று 1,140. இன்று 1,146.

அப்பா இன்றைக்கும் எழுந்துவிட்டார்.