அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

சகலை தலைகுப்புற விழுந்ததைப் பார்த்ததும் ஸ்கோரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. எல்லைக் கோட்டருகே தொப்பி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் உருண்டு கிடந்தார்.

நிம்மதி இரண்டு விநாடிதான். எழுந்து நின்ற சகலையின் கையில் பந்து இருந்தது. எதிரணியின் கடைசி விக்கெட் அது, கோப்பை இவர்களுக்கு.

மைதானமே எழுந்து கூத்தாடியது. ஸ்கோர் புத்தகத்தோடு கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அதே வயிறு பற்றி எரிந்தது.

"பாத்தீங்களா, எங்க பெரிய மாப்பிள்ளையை!" பக்கத்து நாற்காலியிலிருந்த மாமனார் அவர் தோளில் ஒரு போடு போட்டார். போட்ட வேகத்தில் பேனா நாலு கட்டம் தாண்டிக் கோடு இழுத்தது.

ஸ்கோரரின் எரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மூன்று வருஷம் இதே அணிக்குப் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் பாட்டில் தூக்கியவர் அவர். அந்த மூன்று வருஷமும் ஒரு பயலுக்குச் சுளுக்குக்கூட வரவில்லை. வெறுத்துப் போய்த்தான் பேனாவைக் கையில் எடுத்தார்.

இன்றைக்கு என்னடாவென்றால், ஞாயிற்றுக்கிழமை மழையில் நின்ற இறுதி ஆட்டம் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போய், பன்னிரண்டாவது ஆள் வரவே இல்லை. பாதி ஆட்டத்தில் ஒருவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. வேடிக்கை பார்க்க வந்த சகலையைக் கேப்டன் கைதட்டிக் கூப்பிட்டு இறக்கிவிட்டார். மனுஷனுக்கு எங்கே போனாலும் ராஜயோகம்.

'அக்கா வீட்டுக்காரரைப் பாருங்க' என்ற பாட்டை மனைவி பாடாத நாளில்லை. இன்றைக்குக் கச்சேரியே வைத்துவிடுவாள்.

"பேரை நல்லா பெருசா எழுதுங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார். "நாளைக்குப் பேப்பர்ல வரணும். அவரோட மேனேஜர் கிரிக்கெட் பைத்தியமாம். காலையில முதல்ல பிரிக்கிறதே இந்தப் பக்கத்தைத்தானாம். லீவே தராத கம்பெனி, எப்படியோ வந்திருக்கார் பாவம். இதைப் படிச்சா பதவி உயர்வு தானா வரும்!"

ஸ்கோரருக்குச் சுருக்கென்றது. அவர் அனுப்பும் தாளைத்தான் பத்திரிகையில் எழுத்துப் பிசகாமல் அச்சடிப்பார்கள். சகலையின் பதவி உயர்வு இப்போது இவருடைய பேனா முனையில்.

"பேர் வராது மாமா," என்றார் நிதானமாக.

"ஏன் வராது? பிடிச்சது அவர்தானே?"

"அவர் டீம்ல இல்லையே, சப்ஸ்டிட்யூட்தானே. ரூல்படி ஃபீல்டிங் மட்டும்தான் பண்ணலாம். பேட் பிடிக்கக் கூடாது, பந்து போடக் கூடாது, கேப்டனா நிக்கக் கூடாது. கேட்ச் பிடிச்சா 'சப்'னு எழுதுவோம். அதோட சரி."

"பல்லியாட்டம் பாய்ஞ்சு பிடிச்சவருக்குப் பேர் கிடையாதா? என்னங்க அநியாயம்!"

"ரூல் மாமா. நானா போட்டேன்?"

கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்த கேப்டன் காதில் இது விழுந்துவிட்டது. "என்ன சார், 'சப்'புக்குப் பக்கத்துல அடைப்புக்குறி போட்டுப் பேர் எழுதுவீங்களே? போன மாசம்கூட எழுதினீங்க."

உண்மைதான். எழுதலாம், எழுதாமலும் விடலாம். அது எழுதுகிறவரின் பெரிய மனசைப் பொறுத்தது. ஸ்கோரருக்கு இன்று மனசு கடுகளவுதான் இருந்தது.

"அது என் தப்பு," என்றார். "இனிமே ரூல் ரூல்தான்."

வெளியே பத்திரிகைப் புகைப்படக்காரர் அணியை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். சகலை சட்டென்று குனிந்து, கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். அப்புறமும் நெட்டைப் பந்துவீச்சாளரின் முதுகுக்குப் பின்னால் போய், தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எவ்வளவு அடக்கம் பாருங்க!" மாமனார் உருகினார்.

"அடக்கமாம் அடக்கம்," என்று ஸ்கோரர் பல்லைக் கடித்தார். இதிலும் அந்த ஆள் நல்ல பெயர் வாங்கிவிட்டார்.

'சப்' என்று இரண்டே எழுத்தை மணிமணியாக எழுதினார். அடைப்புக்குறி கிடையாது. தாளைப் போனில் படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்பினார். போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் விழுந்த பிறகுதான் மூச்சு சீரானது.

கூட்டம் கலைந்ததும் சகலை கூடாரத்துக்குள் வந்தார். முழங்கை சிராய்த்திருந்தது, முகத்தில் வேர்வை ஊற்றியது. மாமனார் வெளியே போயிருப்பதைப் பார்த்துக்கொண்டு மேசை மேல் குனிந்தார்.

"சகலை, என் பேரை எழுதிட்டீங்களா?"

இந்தக் கேள்விக்குத்தான் ஸ்கோரர் காத்திருந்தார். அந்த முகம் சுருங்குவதை ஆசை தீரப் பார்க்க வேண்டும்.

"இல்லை சகலை. மனசு கேக்கலை, ஆனா ரூல் இடம் கொடுக்கலை. வெறும் 'சப்'தான். பேப்பருக்கும் அனுப்பியாச்சு, இனிமே மாத்த முடியாது."

சகலை புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார். கடைசி வரிக்கு வந்ததும் அப்படியே நாற்காலியில் சரிந்தார். ஸ்கோரரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தெய்வம் சகலை நீங்க! என் வேலையையே காப்பாத்திட்டீங்க. ஆபீஸ்ல எனக்கு இன்னைக்கு நூத்தி மூணு டிகிரி காய்ச்சல்!"