மணிக்கட்டுத் துணி

"அந்த ஆளு கையில சுத்தியிருக்கிற துணியை அவுக்கச் சொல்லுங்க அபூனா. இல்லேன்னா அவன் இந்தக் கோயிலுக்குள்ள கால் வைக்கக் கூடாது!"

ரிஃபாத் போட்ட சத்தத்தில் சாரத்தின் மேலிருந்தவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டார்கள்.

உள்ளூர்ப் பாதிரியார் அபூனா பிசெந்தி தாடியைத் தடவினார். "காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டீங்களா? அவன் பாட்டுக்கு வேலை செய்யுறான். விடுங்க."

விடுகிற ஆளா ரிஃபாத்? கெய்ரோவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். மின்யா பக்கத்தில், கலவரத்தில் எரிந்துபோன இந்தக் கிராமத்துக் கோயிலை எடுத்துக் கட்டுவதற்காக, தங்கள் சபையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரைத் திரட்டி பஸ் வைத்துக் கூட்டி வந்தவரே அவர்தான். வந்து இறங்கியதுமே, சுண்ணாம்பு பட்டுக் கெட்டுவிடும் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டார். சின்ன வயதில் வலது மணிக்கட்டில் பச்சை குத்திய சிலுவை எல்லோருக்கும் தெரிந்தது.

எகிப்துக் கிறிஸ்தவர்களான அவர்கள் எல்லோர் கையிலும் அது உண்டு. கைக்குழந்தைக்குக்கூடக் குத்திவிடுவார்கள். கோயில் வாசலில் நிற்கும் காவலர் கேட்டால் பெயர்கூடச் சொல்ல வேண்டாம், கையைத் திருப்பிக் காட்டினால் போதும்.

ஸப்ரி மட்டும் காட்டவில்லை.

உள்ளூர்க்காரன். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் வந்து சுண்ணாம்பு குழைப்பான். புகை படிந்த சுவரைச் சுரண்டுவான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்து ஜபம் தொடங்கினால் மெல்ல நழுவிவிடுவான். வலது மணிக்கட்டில் எந்நேரமும் ஓர் அழுக்குத் துணி.

முதல் நாள் கேட்டதற்கு, "சுளுக்குங்க ஐயா" என்றான்.

"சுளுக்குப் பிடிச்ச கையாலயா சுண்ணாம்புச் சட்டி தூக்குறான்?" என்று பொருமினார் ரிஃபாத்.

"உங்களுக்கு எதுக்கு மாமா இந்தப் போலீஸ் வேலை?" என்று சிரித்தாள், கூட வந்த நெவீன்.

"சிரிக்காதே. இந்தச் சிலுவைக்காக உசுரையே விட்டவங்க வம்சம் நாம. இவன் அதைத் துணி போட்டு மறைக்கிறான். கோயில் கட்ட வந்தவனுக்குச் சிலுவையைக் காட்ட வெக்கமா? நாளைக்கு இங்க முதல் பூசை. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடுறேன்."

நேரே போய் ஸப்ரியின் முன்னால் நின்றார். அவன் வடக்குச் சுவருக்கு மட்டையால் வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். அது ஒன்றுதான் பாக்கி.

"துணியை அவுரு. இல்லேன்னா மட்டையைக் கீழ வெச்சுட்டுக் கிளம்பு."

"இந்த ஒரு சுவரை மட்டும் முடிச்சிடுறேன் ஐயா. அப்புறம் நானே போயிடுறேன்."

"அவுருன்னா அவுரு!"

ஸப்ரி பாதிரியாரைப் பார்த்தான். அவர் தலை குனிந்திருந்தது. மட்டையைச் சட்டியில் வைத்துவிட்டு, இடது கையால் முடிச்சை அவிழ்த்தான்.

மணிக்கட்டில் சிலுவை இல்லை. வெறும் கைதான்.

ரிஃபாத்துக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "நீ... நம்ம ஆளு இல்லையா?"

"இல்லைங்க ஐயா. நான் தொழுகைக்குப் போறவன்."

சாரத்தின் மேல் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"என் வீடு எதிர்லதான். கோயில் எரிஞ்ச அன்னைக்கு, இங்க விளக்கேத்துற மிலாத் பெரியவர் ஓடி வந்து என் கதவைத் தட்டினாரு. 'ஸப்ரி, ஸப்ரி'ன்னு பேரைச் சொல்லித் தட்டினாரு. நான் தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு உள்ளயே இருந்துட்டேன். பயம் ஐயா. அவரு எப்படியோ பிழைச்சுட்டாரு. ஆனா அந்தத் தட்டுற சத்தம் என் காதை விட்டுப் போகல." அவிழ்த்த துணியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டான். "ஊர்க்காரங்களுக்கு என்னைத் தெரியும். நீங்க வெளியூரு. வெறுங்கையைப் பார்த்தா உள்ள விடமாட்டீங்களேன்னுதான் துணியைச் சுத்திக்கிட்டேன். தப்புதான். போயிடட்டுமா?"

ரிஃபாத்தின் முகம் சுண்டிப்போயிற்று. குனிந்து, சட்டியிலிருந்த மட்டையை எடுத்து ஸப்ரியின் கையில் கொடுத்தார்.

"மேல உனக்கு எட்டாது. ஏறு. ஏணியை நான் பிடிச்சுக்கிறேன்."

மறுநாள் பூசைக்குக் கூட்டம் நெரிந்தது. ஸப்ரி தெருவிலேயே நின்றான். மிலாத் பெரியவர் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார். வாசலில் காவலர் வழக்கம்போல ஸப்ரியின் மணிக்கட்டைத் திருப்பப் போனார்.

"விடுங்க, நம்ம ஆளுதான்" என்றார் ரிஃபாத்.

பூசை முடிந்து, எல்லோரும் பஸ் ஏறினார்கள். கெய்ரோ நெருங்கும்போது நெவீன் கேட்டாள். "மாமா, கடிகாரத்தை மறந்துட்டீங்களே?"

ரிஃபாத் பையைத் துழாவி எடுத்தார். அகலமான தோல்பட்டை வைத்த கடிகாரம். மருந்துக்கடைக் கல்லாவில் உட்காரும்போதெல்லாம், வருகிறவர்கள் கண்ணில் சிலுவை பட்டுவிடாதபடி, இத்தனை வருஷமாக அவர் வலது மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரம்.

அதை இடது கையில் கட்டிக்கொண்டார்.