தடவிப் பார்த்த மட்டை

ஒரு டேபிள் டென்னிஸ் மட்டைக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது.

கிளப் போட்டி தொடங்குமுன் நிறைமதி அதை எதிராளியிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய மட்டையை வாங்கித் தடவிப் பார்த்தாள். பிறகு தன்னுடையதைத் திரும்ப வாங்கி, அதன் உறைமேல் வைத்துவிட்டு ஷூ கயிற்றைக் கட்டினாள்.

"என்னைத் தள்ளிவிடப் பார்க்கிறாள்" என்றது மட்டை.

"ஆட்டத்துக்கு முன்னால் மட்டையை மாற்றிப் பார்ப்பது வழக்கம்தானே, அண்ணே" என்றது உறை.

"பார்க்கட்டும். தடவுவானேன்?"

ஆட்டம் முழுக்க மட்டை, வந்த பந்தைக் கவனிக்காமல் எதிர் மட்டையையே முறைத்துக்கொண்டிருந்தது. மூன்று கேமிலும் நிறைமதி தோற்றாள்.

மறுநாள் அவள் கடைக்குப் போய்ப் புது மட்டை கேட்டாள்.

"நான் அப்போதே சொன்னேனா இல்லையா?" என்று உறையிடம் பெருமையாகக் கேட்டது மட்டை.